ஹரிஹரன்: கஸல் வழியாக பாப் இசைக்கு

பாடகர் ஹரிஹரனைப் பற்றிப் பேச்சு எழுந்தால், கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்கள் மத்தியில் பாராட்டும் குறையும் கலந்த ஒரு தீர்ப்பு கூடவே வந்துவிடும்: "நல்ல பாடாந்தரம், நல்ல சாரீரம், ஆனால் பாப் பக்கம் போய்விட்டார்." இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1996-இல் கிடார் கலைஞர் லெஸ்லி லூயிஸுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட 'கலோனியல் கசின்ஸ்' என்ற பாப் பாட்டுத் தொகுப்பையே மனத்தில் வைத்திருக்கிறார்கள். தம்புராவின் முன் உட்கார்ந்திருந்த ஒருவர் ஒரு நாள் திடீரென்று எழுந்து கிடாருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டதாக அந்தக் கதை சொல்லப்படுகிறது. அவருடைய பாட்டு வாழ்க்கையை வரிசையாக எடுத்துப் பார்த்தால் அப்படி ஒரு நாள் எங்கும் தென்படவில்லை. வீட்டில் கற்ற கர்நாடக சங்கீதத்துக்கும் பாப் இசைக்கும் நடுவே அவருக்கு உருது கவிதையைப் பாடும் கஸலில் ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலப் பழக்கம் இருந்தது. பாப் இசைக்குள் அவர் எடுத்துச் சென்றதில் ராகத்தைவிட அந்தப் பழக்கத்தின் பங்குதான் அதிகம் என்பது என் எண்ணம். அதை விளக்கத்தான் இந்தப் பதிவு.

1955-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர் ஹரிஹரன், வளர்ந்தது மும்பையில். பெற்றோர் இருவரும் கர்நாடக இசைக் கலைஞர்கள். தாயார் அலமேலு மணிதான் முதல் குரு. மும்பையில் பலருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை அவர். அந்த நகரத்தில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குக் காதில் விழும் சங்கீதம் சென்னைப் பிள்ளைக்கு விழுவதைப் போன்றதன்று. மாட்டுங்காவிலும் சயானிலும் தமிழ்க் குடும்பங்களும் சபாக் கச்சேரிகளும் உண்டு. அதே நகரத்தில் இந்துஸ்தானி மேடைகளும் இந்தித் திரையிசைப் பதிவுக் கூடங்களும் கஸல் கூட்டங்களும் உண்டு. வீட்டுக்குள் வர்ணமும் கீர்த்தனையும், வெளியே வந்தால் கஸல் பாடகர் மெஹ்தி ஹசனின் குரல். சென்னையில் இருந்திருந்தால் பதினெட்டு வயதில் ஒரு சபாவின் பிற்பகல் மேடை, இருபத்தைந்தில் மாலை மேடை என்று அவருடைய பாதை ஏறக்குறைய எழுதி வைக்கப்பட்டிருக்கும். மும்பையில் அப்படி எழுதி வைக்கப்பட்ட பாதை எதுவும் இல்லை.

இந்துஸ்தானி இசையை அவர் கற்றது உஸ்தாத் குலாம் முஸ்தஃபா கானிடம். ராம்பூர்-சஹஸ்வான் கரானா என்ற இசைப் பரம்பரையைச் சேர்ந்த இந்த உஸ்தாத்திடம் பிற்காலத்தில் ஏ.ஆர்.ரகுமானும் சோனு நிகமும்கூடப் பயின்றிருக்கிறார்கள். திரையிசைக்கும் மெல்லிசைக்கும் இத்தனை பேரைப் பயிற்றுவித்து அனுப்பிய ஒரு சாஸ்திரிய குருவை வேறெங்கும் காண்பது அரிது. 2018-இல் பத்ம விபூஷண் பெற்று, 2021-இல் மறைந்தார். கர்நாடகப் பயிற்சியோடு வரும் ஒருவருக்கு இந்துஸ்தானி முறை முதலில் கற்றுத்தருவது வேகத்தைக் குறைப்பதைத்தான். நம்முடைய கமகம் ஒரு ஸ்வரத்தை அதன் இடத்திலேயே வைத்து அசைக்கும்; பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு உடனே திரும்பும். மீண்ட் என்று அவர்கள் சொல்லும் இழைப்போ ஒரு ஸ்வரத்திலிருந்து புறப்பட்டு, இடையில் இருக்கும் அத்தனை நுண்ணிடங்களையும் தடவிக்கொண்டு, அவசரமில்லாமல் அடுத்த ஸ்வரத்தில் போய்ச் சேரும். ஹரிஹரனின் குரலில் இரண்டும் இருக்கின்றன. ஒரு வரியின் தொடக்கத்தில் நம் வீட்டுப் பிள்ளையாக ஒரு சிறு அசைவு, அதே வரியின் முடிவில் வடக்கத்திய நீண்ட இழைப்பு என்று அடுத்தடுத்து வரும். அவரைப் போலப் பாட முயல்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால்தான் அவர்களுடைய பாட்டு வெறும் குழைவாக நின்றுவிடுகிறது.

1977-இல் அகில இந்திய சுர் சிங்கார் போட்டியில் அவர் முதல் பரிசு பெற்றார். அங்கே அவரைக் கேட்ட இசையமைப்பாளர் ஜெய்தேவ், முஸஃபர் அலி இயக்கிய 'கமன்' படத்தில் ஒரு கஸலைப் பாடவைத்தார். உத்தரப் பிரதேசத்துக் கிராமத்திலிருந்து மும்பைக்கு வந்து டாக்சி ஓட்டுபவனைப் பற்றிய அந்தப் படம் 1978-இல் வெளிவந்தது. ஷஹ்ரியாரின் கவிதை, ஜெய்தேவின் அடக்கமான மெட்டு, இருபத்து மூன்று வயதுக் குரல். இன்று அதைக் கேட்கும்போது வியப்பளிப்பது அந்த வயதுக்குரிய ஆர்ப்பாட்டம் அதில் துளியும் இல்லாததுதான். போட்டியில் வென்ற ஒரு பாடகர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் முதல் பாட்டிலேயே கொட்டிவிடுவது வழக்கம். இங்கே கவிதைக்குத் தேவைப்படாத ஒரு சங்கதிகூட, ஒரு குரல் வளைவுகூட இல்லை.

இப்படி ஓர் அறிமுகத்துக்குப் பிறகு வாய்ப்புகள் குவிந்திருக்க வேண்டும். குவியவில்லை. 'கமன்' வந்த 1978-க்கும் தமிழர்கள் அவர் பெயரை அறிந்துகொண்ட 1992-க்கும் இடையில் பதினான்கு ஆண்டுகள் கிடக்கின்றன. அவருடைய வாழ்க்கையைச் சொல்பவர்கள் இந்த இடைவெளியை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கோ அவருடைய பாட்டைப் புரிந்துகொள்ள இந்தப் பதினான்கு ஆண்டுகளே முக்கியமாகத் தோன்றுகின்றன. அந்தக் காலத்தில் அவர் கஸல் தொகுப்புகளை வெளியிட்டார். ஆஷா போஸ்லேயுடன் சேர்ந்து பாடிய ஒரு தொகுப்பும் அவற்றில் உண்டு. தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பாடினார். மும்பையின் விளம்பரப் பதிவுக் கூடங்களில் ஜிங்கிள் பாடினார்.

கஸல் பாடுவதில் ஒரு விசித்திரமான ஒழுங்கு இருக்கிறது. இந்துஸ்தானி மேடையின் முக்கிய வடிவமான கயாலில் சொல் என்பது ஸ்வரத்தைத் தொங்கவிட ஓர் ஆணி போலத்தான்; பந்திஷ் எனப்படும் இரண்டு வரிப் பாட்டை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ராகத்தை விரிக்கலாம், அந்த வரிகளின் பொருளை யாரும் கேட்க மாட்டார்கள். கஸலில் பொருள் முந்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஷேரும் இரண்டு அடிகளால் ஆனது, தன்னளவில் முழுமையானது. முதல் அடி ஒரு எதிர்பார்ப்பை எழுப்பும். இரண்டாம் அடியின் கடைசியில் இயைபும், அதைத் தொடர்ந்து கஸல் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் சொல்லும் வந்து அதை முடித்துவைக்கும். பாடகரின் வேலை அந்த முடிப்பைத் தள்ளிப்போடுவது. முதல் அடியையே மூன்று முறை, நான்கு முறை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொல்லில் அழுத்தம் கொடுத்துப் பாடிக்கொண்டிருப்பார். அவையில் இருப்பவர்கள் இரண்டாம் அடிக்காகக் காத்திருப்பார்கள். அது வந்து விழும்போது 'வாஹ்' என்று எழும் குரல் கவிஞருக்கும் பாடகருக்கும் சேர்த்து எழும் குரல். நம் கச்சேரிகளில் நிரவல் பாடும்போது ஒரே வரியைச் சுற்றி வருகிறோம் என்றாலும், அங்கே நாம் எதிர்பார்ப்பது அடுத்த வரியின் பொருளையன்று, ஸ்வரம் எங்கே ஏறப்போகிறது என்பதைத்தான்.

கஸலின் இன்னொரு பாடம் மைக். சபா மேடையில் தேர்ந்த குரல் கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டிய குரல். மைக் வந்து பல காலம் ஆன பிறகும் நம் பாடகர்கள் பலர் அது இல்லாத காலத்துத் தொண்டையோடுதான் பாடுகிறார்கள். கஸல் பாடகருக்கு மைக் ஒரு வாத்தியம். மந்தர ஸ்தாயி என்னும் கீழ்க் குரலில் மூச்சின் ஓசையோடு சேர்த்து ஒரு சொல்லை வெளியிட்டால் அது கேட்பவரின் காதருகே சொன்னதாக ஆகிவிடும். மெஹ்தி ஹசனின் பதிவுகளில் இருக்கும் அந்த நெருக்கத்தை ஹரிஹரன் ஆழ்ந்து கற்றிருக்கிறார். கீழ் ஸ்தாயியில் கனமும் மேலே போகும்போது மெலிவும் கொண்ட குரல் அவருடையது. தார ஸ்தாயியைக் குத்திப் பிடிக்காமல் தொட்டுவிட்டு வருவார். கச்சேரி மேடையில் இது ஒரு குறையாகக் கருதப்பட்டிருக்கலாம். பதிவுக் கூடத்தில் இதுவே அவருடைய பலம்.

ஜிங்கிள் இதற்கு நேர் எதிரான பள்ளிக்கூடம். முப்பது விநாடிகளுக்குள் ஒரு மெட்டைத் தொடங்கி, மனத்தில் நிறுத்தி, பொருளின் பெயரையும் சொல்லிவிட்டு வெளியேற வேண்டும். மெதுவாகப் பாடும் விளம்பித் கயாலில் தாளத்தின் முதல் ஆவர்த்தனம்கூட முடியாத நேரம் அது. காலையில் ஒரு சோப்பு, மாலையில் ஒரு தேயிலை என்று மும்பையின் பாடகர்கள் பலர் அதில்தான் வாடகை கொடுத்தார்கள். அதைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டவர்களும் உண்டு. கூச்சப்பட என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எதையெல்லாம் பாடாமல் விடலாம் என்பதை அந்த முப்பது விநாடிகளைப் போல எந்த குருவும் கற்றுத்தர முடியாது. லெஸ்லி லூயிஸோடு அவருக்கு நெருக்கம் ஏற்பட்டதும் இந்த ஜிங்கிள் உலகத்தில்தான்.

1992-இல் 'ரோஜா' வந்தது. 'தமிழா தமிழா' பாட்டில் அந்தக் குரலைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அவரைப் புதியவர் என்றே எண்ணினார்கள். எங்கள் வீட்டிலும் கேசட் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து யார் இந்த ஹரிஹரன் என்று பேசிக்கொண்டோம். ஆனால் ரகுமான் அவரிடம் எதைக் கேட்டுக் கூப்பிட்டிருக்கிறார் என்பது தெளிவானது 1995-இல், 'பம்பாய்' படத்தின் 'உயிரே' பாட்டில்தான். அந்தப் பாட்டின் அமைப்பையே கவனியுங்கள். பெண் குரல் வருவதற்கு வெகு நேரம் முன்பிருந்தே ஆண் குரல் தனியாக அழைத்துக்கொண்டிருக்கிறது. ஒரே விளிச்சொல்லை ஒவ்வொரு முறையும் வேறு கனத்தோடு சொல்கிறார். ஒரு முறை கெஞ்சலாக, ஒரு முறை களைப்பாக, ஒரு முறை கிட்டத்தட்டக் கோபமாக. சித்ராவின் குரல் நுழையும்போது நமக்கு ஏற்படும் நிம்மதி, இரண்டாம் அடி வந்து விழும்போது கஸல் அவையில் ஏற்படும் அதே நிம்மதிதான். மெட்டு கஸல் மெட்டன்று, வாத்தியச் சேர்ப்பும் கஸலுக்குரியதன்று, மொழி தமிழ். இருந்தும் பாடும் முறை ஷேரின் முதல் அடியைப் பாடும் முறை. மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னால் மேடைகளில் இதைப் பாடியவர்கள் பலரிடம் அந்தக் காத்திருப்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அவர் தமிழில் பாடியவை எல்லாம் ஒரே குணமுடையவை அல்ல. 'இந்தியன்' படத்தில் துள்ளலாகவும், 'மின்சார கனவு' படத்தின் 'வெண்ணிலவே' பாட்டில் ஏறக்குறைய மேற்கத்திய நடனப் பாட்டுக்காரராகவும் அவர் வருகிறார். அங்கெல்லாம் ஜிங்கிள் பள்ளிக்கூடம் கைகொடுத்திருக்கிறது.

இதே நேரத்தில் இந்தியாவில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1991-இல் பொருளாதாரக் கதவுகள் திறக்கப்பட்டன. அதையொட்டி சாட்டிலைட் தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்தது. நாள் முழுவதும் பாட்டு ஒளிபரப்பும் சேனல்களுக்குத் திரைப்படப் பாட்டு மட்டும் போதவில்லை. திரைப்படத்தோடு தொடர்பில்லாத பாட்டுக்கு, பாடியவரின் முகத்தையே காட்டும் காட்சித்துண்டுக்கு, புதிதாக ஒரு சந்தை உண்டாயிற்று. பாபா செகல் 1992-இல் ராப் பாடினார். அலிஷா சினாய் 1995-இல் நாடெங்கும் ஒலித்தார். அதே ஆண்டில் தலேர் மெஹந்தியும், அடுத்த ஆண்டில் லக்கி அலியும் வந்தார்கள். நாற்பது வயதைத் தொட்டிருந்த ஒரு கஸல் பாடகர் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது அன்று பலருக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. குதிரைவால் முடியும் காதில் கடுக்கனுமாக அவர் திரையில் தோன்றியபோது எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை தொலைக்காட்சியின் ஒலியை அணைத்துவிட்டார். சில நிமிடங்கள் கழித்து, "அந்த மத்யமத்தை மட்டும் சரியாகப் பாடிவிட்டான்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி ஒலியைக் கூட்டினார்.

அவர் குறிப்பிட்ட பாட்டு 'கிருஷ்ணா நீ பேகனே'. வியாசராயர் கன்னடத்தில் இயற்றியது. யமுனா கல்யாணி ராகத்தில் பாடப்படுவது. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அபிநயம் பிடித்துப் புகழ்பெற்ற பதமும் இதுவே. சத்யஜித் ராய் எடுத்த 'பாலா' ஆவணப்படத்தில் கடற்கரைக் காற்றில் அவர் இதற்கு ஆடுவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அத்தகைய பாட்டை எடுத்து, இடையிடையே லெஸ்லி லூயிஸின் ஆங்கில வரிகளைச் சேர்த்து, கிடார் பின்னணியில் பாடுவது என்பது வம்பை விலைக்கு வாங்குவதுதான். ஆங்கில வரிகள், இயேசுவாகவோ ராமனாகவோ அல்லாவாகவோ யாராகவாவது திரும்பி வந்து உலகத்தைக் காப்பாற்று என்று கிருஷ்ணனை அழைக்கின்றன. சொல்லின் அளவில் அவை எளிமையானவை, சற்றுத் தட்டையானவை என்றும் சொல்லலாம். பாட்டைத் தாங்கிப் பிடிப்பது கன்னடப் பல்லவிதான்.

ராக அளவில் இங்கே ஒரு உண்மையான சிக்கல் இருக்கிறது. யமுனா கல்யாணியில் 'ம' ஸ்வரத்தின் உயர்ந்த வகையான, கல்யாணிக்குரிய பிரதி மத்யமம் இருக்க, அதன் தாழ்ந்த வகையான சுத்த மத்யமமும் அளவாக வந்துபோகும். அந்த ராகத்தின் குழைவே அந்தச் சிறு வருகையில்தான் இருக்கிறது. கிடாரில் வாசிக்கும் கார்டு குறிப்பிட்ட சில ஸ்வரங்களைச் சேர்த்து அசையாமல் நிறுத்திவைப்பது. கமகமோ ஸ்வரத்தை நிறுத்தாமல் அசைப்பது. ஒன்றின்மேல் ஒன்றை அப்படியே ஏற்றினால் இரண்டில் ஒன்று அபஸ்வரமாகக் கேட்கும். இந்திய ராகத்தையும் மேற்கத்திய ஒத்திசைவையும் சேர்க்கும் முயற்சிகளில் பெரும்பாலானவை தோற்பது இந்த இடத்தில்தான். ஒன்று, பாடகர் ராகத்தைச் சப்பையாக்கிவிடுவார், இல்லாவிட்டால் கிடார் தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும். இங்கே ஹரிஹரன் வரியின் நடுப்பகுதியில் ஸ்வரங்களை ஏறக்குறைய நேராக நிறுத்துகிறார். கார்டு அதற்குக் கீழே வசதியாக உட்கார்ந்துகொள்கிறது. வரி முடியும் இடங்களில் கிடார் ஒதுங்கி வழிவிடுகிறது. அப்போது அந்த மத்யமத்தை ஒரு இழைப்பில் தொட்டுக் காட்டிவிட்டு மீள்கிறார். கச்சேரிப் பாடகர் ஒருவர் எல்லா இடத்திலும் அசைத்திருப்பார். எங்கே அசைக்கக் கூடாது என்று முடிவெடுத்தது கஸலும் ஜிங்கிளும் சேர்ந்து பழக்கிய காது என்றே நான் நினைக்கிறேன்.

அந்தத் தொகுப்பிலேயே 'ஸ நி த ப' என்று ஸ்வரங்களையே பல்லவியாக வைத்த பாட்டும் இருக்கிறது. ஸ்வரம் பாடுவது நம்மிடையே அறிவின் அடையாளம். கணக்கு, கோர்வை, பக்கவாத்தியத்தோடு போட்டி. அதை யாரும் முணுமுணுக்கக்கூடிய ஒரு குதூகலமாக மாற்றியதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் இன்று கேட்கும்போது முதல் பாட்டின் அளவுக்கு அது நிற்கவில்லை. எம்டிவி அன்பிளக்டு நிகழ்ச்சியில் பாடிய முதல் இந்தியக் குழு என்ற பெயரும், எம்டிவியின் பார்வையாளர் தேர்வு விருதும் கலோனியல் கசின்ஸுக்குக் கிடைத்தன. 1998-இல் வந்த அடுத்த தொகுப்பும் 2001-இல் வந்த 'ஆத்மா'வும் முதல் தொகுப்பின் சூத்திரத்தைத் திரும்பச் செய்து பார்த்தவை. 2001-க்குள் பாட்டுச் சேனல்களைத் திரைப்படப் பாட்டு மீண்டும் நிரப்பிவிட்டது. படம் வெளிவருவதற்கு முன்னால் விளம்பரத்துக்காகத் தரப்படும் பாட்டுகளோடு தனிப் பாடகர்களால் போட்டியிட முடியவில்லை. பத்தாண்டு கூட நீடிக்காமல் அந்தச் சந்தை சுருங்கிற்று. இருவரும் சேர்ந்து 2009-இல் 'மோதி விளையாடு' படத்துக்கும் மறு ஆண்டில் 'சிக்கு புக்கு' படத்துக்கும் தமிழில் இசையமைத்தார்கள். 2012-இல் மற்றொரு தொகுப்பும் வந்தது. முதல் தொகுப்பு கிளப்பிய பேச்சை அவற்றில் எதுவும் கிளப்பவில்லை.

சாஸ்திரிய இசை இரசிகர்களின் குறையில் நியாயம் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. ஹரிஹரன் ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு முழுமையாக விரித்துப் பாடுவதை, மூன்று மணி நேரக் கச்சேரியாகவோ ஒரு மணி நேரக் கயாலாகவோ கேட்கும் பேறு நமக்கு அநேகமாகக் கிடைக்கவில்லை. அவருக்கு வாய்த்த பயிற்சியை நினைத்தால் இது சிறிய இழப்பன்று. இந்த இழப்பை அவரே ஈடுசெய்ய முயல்வதாகச் சில மேடை நிகழ்ச்சிகளில் எனக்குத் தோன்றுவதுண்டு. ஐந்து நிமிடத் திரைப்பாட்டை எடுத்து, முன்னால் ஆலாபனையும் நடுவில் ஸ்வரம் பாடும் ஸர்கமும் சேர்த்துக் கால் மணி நேரத்துக்கு நீட்டுவார். 'உயிரே' போன்ற பாட்டில் எந்த அடக்கத்தால் அது நம்மைப் பிடித்ததோ அந்த அடக்கமே அப்போது காணாமற்போய்விடும். அரங்கம் கைதட்டுகிறது. எனக்கு அந்தப் பதிவுக் கூடத்து ஹரிஹரனே போதும்.

மேடையை விடாமலே இரண்டையும் செய்தவர்களும் இருக்கிறார்கள். அலகாபாத்தில் பிறந்து, ராமாஷ்ரய ஜா, ஜிதேந்திர அபிஷேகி, குமார் கந்தர்வா போன்றோரிடம் பயின்ற இந்துஸ்தானிப் பாடகி ஷுபா முத்கல் 1990-களில் பாப் தொகுப்புகளை வெளியிட்டார். 1999-இல் வந்த 'அப் கே சாவன்' மழைக்கால வடக்கிந்தியா முழுவதும் ஒலித்தது. அவரும் வசவு வாங்கினார். ஆனால் கயாலும் டும்ரி என்ற மெல்லிய பாட்டு வகையும் பாடுவதை அவர் நிறுத்தவே இல்லை. பாப் பாடும்போதும் அவர் குரல் மேடைக் குரலாகவே, திறந்த தொண்டையாகவே இருக்கும். மைக்கோடு இரகசியம் பேச மாட்டார். நம் பக்கத்தில் உன்னிகிருஷ்ணன் 1994-இல் 'காதலன்' படத்தின் 'என்னவளே' பாட்டோடு திரைக்கு வந்து, அந்த ஆண்டுக்கான தேசிய விருதையும் பெற்று, மார்கழிக் கச்சேரிகளையும் தொடர்ந்து பாடிவருகிறார். இந்த இருவருக்கும் மேடை முதலில் வாய்த்தது, மற்றது பிறகு வந்தது. ஹரிஹரனுக்கு விடுவதற்கென்று ஒரு கச்சேரி மேடையே இருக்கவில்லை. கஸல் அவைதான் அவருடைய மேடை. கஸல் பாடுவதை அவரும் ஒருபோதும் விடவில்லை. உருது கவிதையை அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையின் சாயலோடு சேர்த்து 'உருது ப்ளூஸ்' என்று பெயரிட்டு அவர் செய்த முயற்சிகளை, கலோனியல் கசின்ஸைவிட அவருடைய இயல்புக்கு நெருக்கமானவையாக நான் கருதுகிறேன். ப்ளூஸிலும் பாடகர் முதல் வரியைத் திரும்பப் பாடித்தான் மூன்றாம் வரிக்கு வருவார். இந்த ஒற்றுமையை அவர் காது எப்போதோ கண்டுபிடித்திருக்க வேண்டும்.

விருதுக் கணக்கில் பார்த்தாலும் பாப் ஒரு கிளைதான். 'பார்டர்' படத்தில் போர் முடிந்த களத்தின்மேல் ஒலிக்கும் பாட்டுக்காக முதல் தேசிய விருது, 2004-இல் பத்மஸ்ரீ, பிறகு 'ஜோக்வா' என்ற மராத்திப் படத்தில் அஜய்-அதுல் இசையில் பாடிய 'ஜீவ் ரங்க்லா'வுக்காக இரண்டாவது தேசிய விருது. அதே பாட்டில் உடன் பாடிய ஷ்ரேயா கோஷாலுக்கும் அந்த ஆண்டு விருது கிடைத்தது. ஐம்பது வயதைத் தாண்டிய குரல் அந்தப் பாட்டில் இளமையாக ஒலிக்க முயலவில்லை. சற்றுத் தடித்த, கரகரப்பு ஏறிய கீழ் ஸ்தாயியை அப்படியே வைத்துப் பாடியிருக்கிறார்.

இன்றைய நிலைமை வேறு. கலிஃபோர்னியாவில் தாயாரிடம் கர்நாடக சங்கீதம் கற்று, பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்து, 'கடல்' படத்தின் வழியாகத் தமிழுக்கு வந்த சித் ஸ்ரீராம் டிசம்பரில் சபாவில் கச்சேரி செய்கிறார், ஆங்கிலத்தில் தன் சொந்தத் தொகுப்பையும் வெளியிடுகிறார். அவருடைய சங்கதிகளைப் பற்றிச் சண்டை நடக்கிறதே தவிர, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை. ஹரிஹரனிடம் அதைக் கேட்டார்கள், இன்னும் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்களிடம் நான் சொல்லக்கூடியது இதுதான்: கலோனியல் கசின்ஸில் தொடங்கிப் பின்னோக்கிப் போகாமல், 'கமன்' கஸலை முதலில் போட்டு, அடுத்து ஏதேனும் ஒரு கஸல் தொகுப்பை முழுதாகக் கேட்டு, 'உயிரே'வுக்கு வந்து, அதன் பிறகு 'கிருஷ்ணா நீ பேகனே'வைப் போடுங்கள். இந்த வரிசையில் கேட்டால் பல்லவியின் வரி முடிவுகளில் அவர் என்ன செய்கிறார் என்பது என் விளக்கம் இல்லாமலே காதில் விழும்.